மச்சில் குளியலறை கட்டலாமா?

பழைய ஓட்டு வீடு. கீழே கூடம், இரண்டு அறை, அடுக்களை. மேலே மச்சு. ஒரு காலத்தில் அங்கே நெல் மூட்டை இருந்தது. பிறகு பழைய அண்டா, குண்டான், உடைந்த தொட்டில் எல்லாம் ஏறின. இப்போது மகனுக்குக் கலியாணம் ஆகிவிட்டது. மச்சைச் சுத்தம் செய்து, ஜன்னல் வைத்து, அறையாக்கிவிட்டார்கள்.

அறை வந்துவிட்டது. குளியலறை? அது இன்னும் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது!

இரவு இரண்டு மணிக்கு மருமகள் செங்குத்தான மரப்படியில் இறங்க வேண்டும். கூடத்தில் படுத்திருக்கும் மாமனார், மாமியாரைத் தாண்ட வேண்டும். கொல்லைக் கதவைத் திறக்க வேண்டும். மழைக் காலத்தில்? பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது? மேலேயே ஒரு குளியலறை வேண்டும் என்று அவள் கேட்டால், அது ஆடம்பரம் அல்ல. நியாயம்.

ஆனால் பல குடும்பங்கள் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். நீலமா, ரோஸா என்று நாலு நாள் விவாதம் நடக்கிறது. டைல்ஸ் கடைசி வேலை. கழிவுநீர் எந்த வழியாக வீட்டை விட்டு வெளியேறும் என்று பார்ப்பதே முதல் வேலை. அந்த வழிதான் குளியலறையின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். "இந்த மூலை சும்மா கிடக்கிறது, இங்கேயே கட்டுங்கள்" என்றால், கெடப்போவது அந்த மூலை மட்டும் அல்ல.

மச்சு எதன் மேல் நிற்கிறது?

பழைய மச்சு கான்கிரீட் அல்ல. சுவருக்குச் சுவர் மர உத்திரம். அதன்மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் பலகை. சில வீடுகளில் பலகைக்குப் பதிலாகச் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டிருப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்பது அதுதான். ஈரம் படாமல் காத்தால் இவை பல தலைமுறை தாங்கும்.

ஈரம் பட்டால்? சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி மக்கத் தொடங்கும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஈர மரம் கறையானுக்கு விருந்து. கூரையில் கறை தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

ஈரம் ஒரு பக்கம். பாரம் மறுபக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 500 லிட்டர் தொட்டியை மச்சில் வைப்பது, எட்டுப் பேர் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம்!

கான்கிரீட் வீட்டில் பழகிய சில மேஸ்திரிகள் தரையை ஓர் அடி உயர்த்துவார்கள். குழாயைப் படுக்க வைத்து, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்புவார்கள். ஐந்து அடிக்கு ஏழு அடி அறை என்றால் 35 கன அடி ஜல்லி. ஒரு டன்னுக்குக் குறையாது. அதை மரக்கட்டை மீது ஏற்றலாமா?

வேறு சிலர், "மச்சை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்" என்பார்கள். அதற்கும் அவசரம் வேண்டாம். ஒரு பொறியாளரை அழைத்துக் கட்டைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மக்கிய மரம் என்றால் உள்ளே இறங்கும். நல்ல மரம் இடம் கொடுக்காது. மரம் நன்றாக இருந்து, பாரம் தாங்கும் என்று அவரும் சொன்னால், எதற்காக இடிக்க வேண்டும்?

வெளிச்சுவர்தான் வழி

குளியலறை வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கீழே இருக்கும் கழிவுத் தொட்டிக்கு அருகில் உள்ள சுவராக இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டுக் கூரை அந்தப் பக்கம் தாழ்வாக இருக்கும். இருக்கட்டும்! உட்காரும் கோப்பையைத் தாழ்ந்த பக்கம் வைக்கலாம், எழுந்தால் தலை இடிக்காத அளவு பார்த்து. நின்று குளிக்கும் இடத்தை உயர்ந்த பக்கம் வைக்கலாம்.

கோப்பை வாங்கும்போது, கழிவு பின்புறமாகச் சுவர் வழியே வெளியேறும் வகையைக் கேளுங்கள். கடையில் 'பி டிராப்' என்பார்கள். தரை வழியே இறங்கும் வகை வாங்கினால் மச்சில் பெரிய ஓட்டை போட வேண்டும். குந்தி உட்காரும் கோப்பைக்கும் தரைக்குள் பள்ளம் வேண்டும். பெரியவர்களுக்குப் பழக்கம் அதுவே என்றாலும், மச்சுக்கு அது ஒத்து வராது. குழாய்க்காக உத்திரத்தை வெட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்கவே கூடாது.

கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். நாற்பது அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம். பத்தடிக்கு மூன்று அங்குலம். ஆகவே குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

காற்றுக் குழாயைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். கழிவு வேகமாக இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கும். கூரைக்கு மேல் திறந்த குழாய் இருந்தால் அங்கிருந்து காற்று வரும். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள வளைவுகளில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். துர்நாற்றத்தைத் தடுப்பதே அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான். அது போனால் புது அறையில் யாரால் படுக்க முடியும்?

நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கே? கொல்லையில் தனிக் கால் நட்டு, அதன்மேல். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஒரு மீட்டர் மட்டுமே உயரமாக இருந்தால் பத்தில் ஒரு பங்குதான். ஷவர் சொட்டும்! அப்படிப்பட்ட வீட்டில் ஓர் அங்குலக் குழாய், குறைந்த வளைவுகள், தேவையானால் தொட்டிக்குக் கீழே சிறிய பம்ப்.

தண்ணீர் கட்டிப் பாருங்கள்

டைல்ஸ் ஒட்டும் முன், நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு காய்ந்த பிறகு, வடிகால் வாயை அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட வேண்டும். ஒரு நாள் முழுவதும் நிற்கட்டும். மறுநாள் கீழே போய் மேல்தட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அப்போதே சரி செய்துவிடலாம். "ஒரு நாள் கூலி வீண்" என்று மேஸ்திரி முணுமுணுப்பார். அந்த ஒரு நாள் கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள். டைல்ஸ் கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, குழாய் வேலைக்காரரிடம் நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எந்த ஊர்ச் சிக்கனம்?

சுவரை மூடும் முன் குழாய் போகும் இடங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிப்பவருக்கு முதலில் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.