நீ எந்தத் தெரு?

“எந்த ஊரு?” என்று கேட்பார்கள். சொல்வோம். அத்தோடு விடமாட்டார்கள். “ஊர்ல எந்தத் தெரு?” தெருவைச் சொன்னதும் முகம் மாறும். டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடிப்போன வாசல்களில் கேட்டிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோது, இலக்கணத்தில் கரைகண்ட ஒரு பேராசிரியரும் கேட்டார். இந்த நாட்டில் முகவரி என்பது கடிதம் வந்து சேர்வதற்கான குறிப்பு மட்டுமல்ல, சாதியைக் கண்டுபிடிக்கிற கருவி. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. குடியிருப்பின் பெயரே வசவாகிப்போனதுதான் காரணம்.

முகவரியை வாசிப்பதில் இவ்வளவு தேர்ந்த ஒரு சமூகம், நம் பிள்ளைகளுக்கு இணைய முகவரியை வாசிக்கச் சொல்லித்தர மட்டும் ஏன் மறந்துபோனது? இந்தக் கேள்வியோடுதான் எழுதுகிறேன்.

முதலில் என் அப்பா கதை. தபால்காரர் எங்கள் சேரிக்குள் வரமாட்டார். ஊர் எல்லையில் இருக்கிற டீக்கடையில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அப்பாவுக்கு வந்த நேர்முகத் தேர்வு அட்டை அங்கேயே நாலுநாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. “எனக்குப் படிக்கத் தெரியாமயா போச்சு? கடுதாசிக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தான். அதான்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது போன வருசம் நடந்தது. எங்கள் இரவுப் பாடசாலைக்கு வருகிற பெண் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்தாள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். செல்போனில் தேடினாள். முதலில் வந்ததைத் தொட்டாள். அரசு முத்திரை மாதிரி ஒன்று இருந்தது. விண்ணப்பம் இருந்தது. கட்டணம் கேட்டது. அம்மாவின் இரண்டுநாள் நடவுக்கூலியைக் கட்டினாள். விண்ணப்ப எண்ணும் வந்தது. பத்திரமாக எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு விண்ணப்பமே போகவில்லை. கடைசித் தேதியும் முடிந்துவிட்டது. அவள் தொட்டது ஒரு விளம்பரம். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. முகவரி ‘டாட் காம்’ என்று முடிந்தது.

முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகும் நடுவில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். டீக்கடை போய் கண்ணாடித்திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் படித்த பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. “எத்தனை தடவ உள்ள போயிருக்க?” என்று கேட்டேன். “ஆபீசருங்க வந்தப்ப ரெண்டு தடவக்கா. நாங்க பின்னாடி நின்னோம். நல்லாப் படிக்கிற பசங்கதான் மவுஸத் தொட்டாங்க.” நல்லாப் படிக்கிற பசங்க யார் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிறுவன் அம்பேத்கர் பள்ளியில் குழாயைத் தொடக்கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்குக் குழாய், இன்றைக்கு மவுஸ்.

“இணையத்துல ஏதும்மா சாதி? அது எல்லாருக்கும் பொதுவாச்சே” என்கிறார்கள் சில முற்போக்கு ஆசிரியர்கள். ஊர்ப் பொதுக்கிணறும் பெயரளவில் பொதுதான். தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது என்று பார்ப்போம். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படை இதுதான்: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் கைகாட்டுகின்றன, கைகாட்டுகிற பக்கங்கள் எவ்வளவு பெரியவை என்று பார்த்து மேலே ஏற்றுவது. பின்னால் நூறு கணக்குகள் சேர்ந்தன. வேர் அதுதான். ஊரில் பத்துப் பெரியமனுசன் கைகாட்டுகிற ஆள் பெரியமனுசன் ஆவதில்லையா, அப்படி. நம் தெருவை யார் கைகாட்டுவார்கள்? கறுப்பினச் சிறுமிகள் என்று தேடினால் ஆபாசத் தளங்களே முதலில் வந்ததைப் பற்றி, சஃபியா நோபிள் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர் 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். எந்திரம் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சமூகத்தின் வக்கிரத்தைத்தான் வரிசைப்படுத்திக் கொடுத்தது.

இன்னொரு பக்கம் நம் தோழர்கள். “இதெல்லாம் கார்ப்பரேட் சரக்கு தோழர். பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக்கொடுங்க” என்கிறார்கள். இப்படிச் சொல்கிற தோழர், மகனுக்கு வீட்டில் கணினி வாங்கிவைத்திருக்கிறார். அவர் மகனுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு யார்? எதை யார் சொன்னது, எந்த அதிகாரத்தில் சொன்னது என்று கேட்பதைவிடப் பெரிய அரசியல் எது?

2011 முதல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். நல்ல காரியம். என் தங்கைக்கும் ஒன்று வந்தது. படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம். பெட்டியைக் கொடுத்தவர்கள் சாவியைக் கொடுக்கவில்லை.

அந்தச் சாவி அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. எங்கள் பாடசாலையில் பதினோரு பிள்ளைகள், நாலு செல்போன், ஒரு பழைய மடிக்கணினி. முதல்நாள் ஆளுக்கொரு தபால் உறையைக் கொடுத்தோம். தபால் பிரிக்கிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? கடைசி வரியை, பின்கோடை. இணைய முகவரியும் அப்படித்தான். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வை. அங்கிருந்து இடதுபக்கமாக வாசி. ‘டாட் கவ் டாட் இன்’ என்று இருந்தால் இந்திய அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுகிற முகவரி. ‘டாட் காம்’ யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ‘டாட் ஆர்க்’ என்றால் தொண்டு நிறுவனம் என்று நம்பாதே, அதையும் வாங்கலாம். பெயருக்கு நடுவில் ‘கவ்’ என்று செருகியிருந்தால் அது வேஷம். பூட்டுப் படம் இருந்தால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அர்த்தம். பூட்டுப் போட்ட வீட்டிலும் திருடன் குடியிருக்கலாம்.

ஒன்பதாவது படிக்கிற பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அக்கா, நம்மகிட்ட கேக்குற கேள்விய நாம அதுகிட்ட கேக்குறோம். நீ எந்தத் தெரு?” ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது தம்பி என்றேன். அவர்கள் பிறப்பைத் தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். நாம் பொறுப்பைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறோம்.

அடுத்தவாரம் வெண்மணியைத் தேடினோம். 1968 டிசம்பர் 25, குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர். கீழ்வெண்மணி, கீழவெண்மணி, வெறும் வெண்மணி, அப்புறம் ஆங்கில எழுத்தில் மூன்று நாலு விதம். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் பக்கங்கள் முன்பின்னாக மாறி வந்தன. மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொல் அப்படியே இருக்கிற பக்கங்களாக வந்தன. ஒரு பக்கம் அரைப்படி நெல் கூலித் தகராறு என்று முடித்துக்கொண்டது. செத்தவர்கள் யார், எந்தச் சேரி என்று அதில் ஒரு வரி இல்லை. “எழுதினது யாரு, முகவரியப் பாரு” என்றேன். பார்த்தார்கள். பேசினார்கள். பாடப்புத்தகம் மூடிவைத்த வாயை அன்றைக்குத்தான் திறந்தார்கள். அம்பேத்கரின் தொகுதிகள் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் அவர்களே தோண்டி எடுத்தார்கள். ஆங்கிலம்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கேட்டால் செயற்கை நுண்ணறிவு மேலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது, முகவரியெல்லாம் எதற்கு என்கிறார்கள். யார் சொன்னது என்று பார்க்காமல் நம்பினால் அதுவும் மொட்டைக் கடுதாசிதான். மொட்டைக் கடுதாசியால் குடி கெட்ட கதைகள் சேரியில் ஏராளம். பதிலுக்குக் கீழே ஆதாரம் காட்டினால் அதைத் திற, முகவரியைப் படி. காட்டவில்லையா, வேறு இடத்தில் தேடு.

நாங்கள் கேட்பது சலுகையல்ல. பூட்டிய லேப்புகளைத் திறந்துவிடுங்கள். ஆபீசர் வருகிற நாளுக்கு மட்டுமல்ல, வாரத்துக்கு ஒரு பாடவேளை. மவுஸ் பின்வரிசைப் பிள்ளை கைக்கு முதலில் வரட்டும். அரசு தன் ஆணைகளைப் படமெடுத்துப் போடாமல், தேடினால் கிடைக்கிற எழுத்தாகப் போடட்டும். நண்பர்களே, நம் எழுத்துகளை நாமும் பெயரோடு, தேதியோடு, முகவரியோடு ஏற்றிவைப்போம். நம் தெருவை நாமே கைகாட்டாமல் யார் காட்டுவார்கள்?

அந்தப் பெண் இந்த வருசம் தானே விண்ணப்பித்தாள். பிரவுசிங் சென்டர் போகவில்லை, யாரையும் கேட்கவில்லை. அனுப்புமுன் முகவரியை மூன்றுமுறை விரல்வைத்து வாசித்தாள். பணம் வந்து சேர்ந்தது. போன வருசப் பணம் போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அப்பாவுடைய அந்த அட்டையை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.