பெருங்குடி ரசிகரின் ஐந்து படங்கள்

பெருங்குடியில் வசிக்கும் சினிமா ரசிகர் ஒருவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு முடிந்ததும், பார்த்த படங்களுக்கெல்லாம் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி, மனத்துக்குப் பிடித்தவற்றைத் தனியே பொறுக்கி வைப்பார். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் தேறியவை ஐந்து: 'மெய்யழகன்', 'வாழை', 'கொட்டுக்காளி', 'லப்பர் பந்து', 'ஜமா'. "என்ன ஐயா, 'இந்தியன் 2', 'கங்குவா' எல்லாம் காணோமே?" என்று நண்பர்கள் கேட்டார்களாம். "இருக்கிறதே, செலவுப் பக்கத்தில் இருக்கிறது" என்பது அவர் பதில்.

இந்த ஐந்தில் 'லப்பர் பந்து' ஒன்றைத் தவிர மற்றவை நிதானமாகக் கதை சொல்பவை. பார்க்கிறவர்களிடம் கொஞ்சம் பொறுமையைக் கடன் கேட்பவை. அந்தக் கடனைக் கொடுக்கத்தான் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு மனம் வரவில்லை. நல்ல படம் வருவதில்லை என்ற புலம்பல் ஊரெங்கும் கேட்கிறது. வந்த நல்ல படத்துக்கு எத்தனை நாள் தவணை கொடுத்தோம் என்று யாரும் தம்மைக் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

'மெய்யழகன்' விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஓர் உறவுக்காரன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவனுக்கு நினைவில்லை, கேட்கவும் வெட்கம். இவ்வளவுதான் கதை. அரவிந்த் சுவாமியும் கார்த்தியும் இதை ஓர் இரவு முழுவதும் பேசிப் பேசியே நடத்திவிட்டார்கள். மணமேடையில் அண்ணன் தான் கொண்டுவந்த நகைகளைத் தங்கைக்குப் பூட்டும் இடத்தில், கண்ணைத் துடைக்காதவர் இருந்தால் அவர் உடன்பிறந்தார் இல்லாதவராக இருக்க வேண்டும். டைரக்டர் பிரேம்குமாரின் இந்தப் படம் செப்டம்பர் 27-ஆம் தேதி வெளிவந்தது. நீளம், நீளம் என்று கூச்சல் எழுந்தது. சில நாட்களுக்குள் சுமார் 18 நிமிஷத்தைக் கத்தரித்துவிட்டார்கள். விருந்தாளியை விடமாட்டேன் என்று கையைப் பிடித்து இழுக்கும் மனிதனைப் பற்றிய படம் அது! அதையே 'பந்தியைச் சீக்கிரம் முடி' என்று விரட்டியிருக்கிறோம்.

இதைவிட விசித்திரம் ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை நடந்தது. 'வாழை', 'கொட்டுக்காளி', 'போகுமிடம் வெகு தூரமில்லை' என்று மூன்று படங்கள் ஒரே நாளில் வந்தன. இரண்டு வாரம் நிறைவதற்குள், செப்டம்பர் 5-ல், விஜய் நடித்த 'தி கோட்' வந்துவிட்டது. பெரிய படம் வந்தால் சின்னப் படத்துக்கு எந்தக் கொட்டகையில் இடம் இருக்கும்?

மூன்றில் 'வாழை' கரையேறியது. மாரி செல்வராஜ் தம்முடைய பிள்ளைப் பிராயத்தையே படமாக்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் சிறுவன் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கிறான். தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூடக் கேட்டுப் போராடி வெற்றி பெற்ற ஜனங்கள், அந்தத் தார்கள் ஏற்றிய லாரியிலேயே ஏறிச் சாகிறார்கள். பசியோடு வந்த பையன் சோற்றில் கை வைக்கும் காட்சி பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். கடைசிப் பகுதியில் இசை சற்று அடங்கியிருக்கலாம் என்பது நம் ரசிகரின் அபிப்பிராயம், தப்பில்லை.

'கொட்டுக்காளி'க்குத்தான் அநியாயம் நடந்தது. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் 'கூழாங்கல்' படத்துக்காக உயரிய பரிசு பெற்ற பி. எஸ். வினோத்ராஜ் எடுத்தது, 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவிலும் காட்டப்பட்டது. காதலித்த பெண்ணைப் 'பேய் பிடித்தவள்' என்று சொல்லி, குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இரைச்சலும் சேவலின் கொக்கரிப்பும்தான் சங்கீதம். கதாநாயகி அன்னா பென் வாய் திறப்பதே அபூர்வம். அந்த மௌனத்தின் முன் கட்டைத் தொண்டையில் கத்தும் சூரி சிறுத்துப் போகிறார். வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. ஆண்பிள்ளைகள் எல்லோரும் கையைப் பிசைந்து நிற்க, ஒரு சிறு பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். இதற்கு மேல் என்ன வசனம் வேண்டும்?

விழாக்களுக்கு எடுத்த படத்தைத் தியேட்டருக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்று பட உலகத்திலேயே பேச்சு எழுந்தது. இது புதிய பேச்சு அல்ல. 1954-ல் ஏவி.எம். தயாரித்து, எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. அன்றைய ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. படம் வசூலில் தோற்றது. இன்று அதைத் தமிழ் சினிமாவின் பெருமை என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சரியாக எழுபது வருஷம் கழித்து அதே தவறு! தியேட்டர்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பத்துப் பேருக்காக ஏ.சி. ஓட்டினால் மின்சாரக் கட்டணத்தை யார் தருவார்கள்? பதினோராவது ஆளாகப் போகாதவர்கள் மீதும் பழி உண்டு. நம் ரசிகரும் யோக்கியரல்லர். இளையராஜா இசையில், பெண் வேஷமே கட்டிவந்த கூத்துக் கலைஞன் அர்ச்சுனன் வேஷத்துக்கு ஏங்கும் கதையான 'ஜமா'வை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் வீட்டில்தான் பார்த்தார்.

'லப்பர் பந்து' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஜனங்களே வாய்க்கு வாய் சொல்லி ஓட வைத்தார்கள். மைதானத்தில் டிராக்டர் ஓட்டிவரும் ஸ்வாசிகாவும், 'கெத்து' தினேஷும் பிரமாதம். கிரிக்கெட் ஆட்டத்துக்குள் சாதியைப் புகுத்தும் சாமர்த்தியசாலிகளையும் படம் சும்மா விடவில்லை.

'கொட்டுக்காளி'யை முதல் வாரமே தனியாகப் பார்த்த ரசிகர், மறுவாரம் ஊரிலிருந்து வந்த தாயாருக்கும் காட்ட வேண்டும் என்று அழைத்துக்கொண்டு கிளம்பினார். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த பழைய மாமல்லபுரம் சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. படத்திலும் இப்படித்தான் ஆட்டோவில் போய்க்கொண்டே இருப்பார்கள் என்று தாயாரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். டிக்கெட் கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அந்தப் படத்தை நேற்றே எடுத்துவிட்டார்கள் சார். வேறே எது வேண்டும்?" என்றான்.