அலுமாரிக்கு வாரிசு யார்?

ஓர் எழுத்தாளர் மௌத்தானால் நாம் செய்வதெல்லாம் தெரிந்ததுதான். அனுதாபக் கூட்டம் வைப்போம், நினைவு மலர் போடுவோம். நாற்பது கழிந்த பின் அவரது அலுமாரியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கறையான் தின்றது போக மீதியைப் பழைய பேப்பர் வாங்குபவர் நிறுத்துக்கொண்டு போகிறார். உடனே, "பிள்ளைகளுக்கு இலக்கியம் தெரியாது" என்று குடும்பத்தின் மீது பழி. எனக்கு இதில் உடன்பாடில்லை. எதை வைத்திருப்பது, எதை யாரிடம் கொடுப்பது என்று எழுதிவைக்காமல் போனவர் யார்?

மகளுக்குச் சீதன வீட்டை உறுதி எழுதுவதென்றால் கிழக்கிலே நொத்தாரிசின் வாசலில் காத்துக் கிடக்கிறோம். எல்லை, வேலி, கிணற்றுப் பங்கு என்று ஒன்றும் விடுபடாது. முப்பது வருடம் எழுதிய கதைகளுக்கு ஒரு வரி கிடையாது.

எழுதாவிட்டால் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மரணித்தவரின் மத்ஹபுப்படி பங்கு பிரிக்கச் சொல்கிறது. பதிப்புரிமையும் சொத்துத்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதை எழுதியவரின் மரணத்துக்குப் பிறகும் 70 வருடம் காக்கிறது. மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் மட்டுமே வாரிசுகள் என்று வையுங்கள். மனைவிக்கு எட்டிலொன்று, மகனுக்குப் பதினாறில் ஏழு, மகள் ஒவ்வொருவருக்கும் 32 இல் 7. ஒருவர் டோஹாவில், ஒருவர் லண்டனில். மறுபதிப்புப் போட வருபவர் இத்தனை பேரின் சம்மதத்தையும் எங்கே போய்த் தேடுவார்? "அவர் சமுதாயத்தின் சொத்து, யாரும் போடலாம்" என்று சில நண்பர்கள் துணிந்து அச்சிட்டும் விடுகிறார்கள். அதற்குப் பெயர் சமுதாயப் பற்றல்ல, அமானித மோசடி.

வழி இல்லாமலில்லை. கடன் போக மிஞ்சுவதில் மூன்றிலொன்று வரை வாரிசல்லாதவருக்கு வஸிய்யத் செய்யலாம். கையெழுத்துப் பிரதிகளை ஒரு நூலகத்துக்கு எழுதிவைக்க இது போதும். வாசிக்கிற மகளுக்கே எல்லாம் போகவேண்டுமென்றால் வஸிய்யத் உதவாது, மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஹயாத்தோடு இருக்கும்போதே ஹிபா கொடுப்பது மேல். மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதினாலன்றி அது நிலைத்ததாகாது என்று அதே 1931 சட்டம் சொல்வதையும் கவனிக்க வேண்டும். புத்தகங்களை வக்பு செய்வதையோ ஷாபி மத்ஹபு தாராளமாக அனுமதிக்கிறது. அப்படித்தான் முன்னோர் கிதாபுகள் தலைமுறை கடந்து வந்தன. நாம் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வக்பு செய்து இறக்கையில் பெயர் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏடுகளையும் புத்தகங்களையும் விட்டுத்தான் வந்தார்கள். அது பிறர் நமக்குச் செய்தது. இந்த அலுமாரிகளை அழிப்பது யார்?

மரண சாசனம் எழுதினால் மௌத்து நெருங்கிவிடும் என்று பயப்படுவோர் நம்மிடையே உண்டு. வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அது எழுதப்படாமல் இரண்டு இரவைக் கழிக்கலாகாது என்ற ஹதீஸை மேடையில் சொல்பவர்களும் அவர்களேதான். நொத்தாரிசுக்குக் கொடுக்கக் காசில்லை என்ற சாட்டும் எடுபடாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள் போதும். 1840 முதல் இந்நாட்டுச் சட்டம் அதுதான். நமது வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் பத்துப் பேர் மேடையேறுகிறார்கள்.