தோளுக்கு மிஞ்சிய பிள்ளையுடன்

மார்கழி பிறக்குமுன்னரே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இல்லங்களில் இந்தியப் பிரயாணப் பேச்சு எழுந்துவிடுகின்றது. முன்னாளில் நம்மவர் கோட்டையில் இரவு மெயில் வண்டி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடியை அடைவர். 1914 இல் தொடங்கியது அவ்வழி. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. இன்றோ விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நம்மைச் சென்னையிற் சேர்க்கின்றது.

வழி சுருங்கியது போலவே விடுமுறையும் சுருங்கிவிட்டது. உத்தியோகம் பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ கிடைப்பது நான்கைந்து நாட்களே. அதற்குள் சென்னையிற் கச்சேரி, சிதம்பரத்தில் திருவாதிரை, தியாகராய நகரிற் புடவை, 500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இராமேசுவரத்தில் தீர்த்தம் எனப் பெற்றோர் அடுக்கினால், பிள்ளை மூட்டை சுமந்தே களைத்துத் திரும்ப நேரிடும்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பர். தோழனுக்குக் கட்டளையிடுவார் உண்டோ? ஆதலின் சீட்டு வாங்குமுன் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிவோம். ஓர் ஊரை இருவருமாகத் தெரிந்துகொள்வோம். ஒரு மாலை நாம் சங்கீத சபையில் அமர்ந்திருக்க, பிள்ளை கடற்கரையில் உலாவி வரட்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாகுமா என்று பார்ப்பதையும், விசா எடுப்பதையும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

கலியாணமும் கடல்கடந்த உத்தியோகமும் பிள்ளையை அழைத்துக்கொள்ளும் நாள் அதிக தூரத்தில் இல்லை. இத்தகைய விடுமுறை பன்முறை வாய்ப்பதன்று. இரண்டு கோயில்களைக் குறைத்தேனும், ஒருவேளை உணவை ஆறுதலாகச் சேர்ந்திருந்து உண்டு வருவோமாக.