இரவல் இருப்பில் ஒரு பயணமா?



பழனிசெட்டிபட்டியில் வெயில் கொளுத்தும் ஏப்ரலில் மத்தியதரைக் கடலோரத்தில் இளவேனில். நண்பர்களோடு ஸ்பெயினின் மலாகா நகருக்கு நான்கு நாள் சென்றுவர நம் இளைஞர்கள் திட்டமிடுவதை நாம் குறை கூறவில்லை. பூமியில் பயணித்துப் படிப்பினை பெறுமாறு திருமறையே நம்மைத் தூண்டுகிறது.

நாம் கண்டிப்பது வழிமுறையை. ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். பணமில்லாதோர் வட்டிக்கு வாங்கியோ, பிறர் பணத்தைச் சில நாள் தம் கணக்கில் போட்டுவைத்தோ இருப்புக் காட்டுகிறார்கள். கேட்டால், "எல்லோரும் செய்வதுதானே" என்கிறார்கள். எல்லோரும் சொல்வதால் பொய் மெய்யாகிவிடுமா? வட்டி வாங்குபவரோடு அதைக் கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். விசா மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணம் திரும்ப வராது, வட்டியோ நிற்காது.

மலாகாவின் அல்கசாபா கோட்டை முஸ்லிம்கள் எழுப்பியது. 1487இல் நகரம் வீழ்ந்தபோது அம்மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். அந்த மண்ணில் படிப்பினை தேடுவோர், பொய்க் கணக்கோடும் வட்டிக் கடனோடுமா போய் நிற்பது?

வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் மாதந்தோறும் தம் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். இரண்டு ஆண்டுகள் ஆனாலும் ஆகட்டும். அப்போது வங்கிக் கணக்கு உண்மையையே பேசும். அதுவரை நண்பர்கள் கூடிச் செல்ல நம் மேகமலை இருக்கிறது.

ஹலாலான பொருளில் பயணிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.