உபவலைப் பிரிவினையும் கல்விக்கூடங்களும்

1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன், எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையைத் தொடங்கியது. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகமும் ஐந்து ஐ.ஐ.டி.க்களும் முதலிலேயே அதில் பங்கு கொண்டன. அவ்வலைக்குரிய விலாசங்கள் 144.16 எனத் தொடங்குபவை, மொத்தம் 65,536. பல நகரங்களின் நிலையங்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டன. 144.16.64 எனத் தொடங்கும் விலாசங்கள் பெங்களூருக் கழகத்தில் வழங்கின.

சர்வே எண்ணும் உட்பிரிவும் அறிந்த களப்பணியாளருக்கு இம்முறை புதிதன்று. வெளியாருக்கு மூல எண் போதும். உட்பிரிவு உள்ளூர்க் கணக்கு. இணைய விலாசங்களுக்கு இவ்வழியை 1985 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 950 என்னும் ஆவணம் வகுத்தது. நிலத்தை மூன்றாகவும் பங்கிடலாம். விலாசத் தொகுதியையோ இரண்டிரண்டாகவே வெட்ட இயலும். 300 கணினிகள் உள்ள இடத்திற்கு 256 போதாது. 512 ஒதுக்க வேண்டும். அவற்றிலும் முதலும் கடைசியும் வலைக்கே உரியவை.

இதற்குரிய மாஸ்க் 255.255.254.0 என அட்டவணையிலிருந்து மனப்பாடம் செய்விப்பதே வழக்கமாகிவிட்டது. இது வருந்தத்தக்கது. 254-ஐ இரும எண்ணில் 11111110 என எழுதிக் காட்டினால், ஒன்றுகள் வலையையும் சுழிகள் கணினியையும் குறிப்பதை மாணவன் தானே காண்பான். கடைசிச் சுழியையும் சேர்த்து ஒன்பது சுழிகள். இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512. கணினியே இல்லாத பள்ளியிலும் இதற்குக் கரும்பலகை போதும்.

எல்லையை எங்கே வகுப்பது என்பதோ கணக்கினால் தீர்வதன்று. கம்பி இழுக்க வசதியென்று மாடிக்கொரு பிரிவாக வகுப்பது எளிது; ஆயினும் தொழிலை நோக்கி வகுத்தலே முறை. மதிப்பெண் பதிவேடுள்ள அலுவலகக் கணினியும் மாணவர் ஆய்வுக்கூடமும் ஒரே வலையில் இருப்பின், ஆய்வுக்கூடத்தில் புகுந்த வைரஸ் அலுவலகத்தைத் தடையின்றி எட்டும். பிரித்தால் மட்டும் காப்பு வந்துவிடாது. எப்பிரிவு எதனுடன் பேசலாம் என்ற விதியை ரூட்டரில் எழுதாவிடில் பிரிவினை ஏட்டளவிலேயே நிற்கும். செலவு மிகுமென்ற அச்சமும் பெரும்பாலும் வீண். வி-லேன் வசதியுள்ள ஸ்விட்ச் இருப்பின் தனிக் கம்பி வேண்டியதில்லை.

புதிய கணினிகள் வந்து சேருமுன், விடுமுறையிலேயே, இவ்வேலையை முடிப்பது நன்று. அலுவலகத்திற்கு 192.168.4 என்னும் பகுதியை அளித்தால் 192.168.5-ஐக் காலியாக விடவேண்டும். தேவை பெருகும்போது இரண்டும் ஒரே பிரிவாக இணையும். 5-உம் 6-உம் அவ்வாறு இணையா.