ஞாயிறும் ஒரு ஷிப்டா?

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையோரம் விடிகாலையில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை, பையில் டிபன் பாக்ஸ். ஷூ கம்பெனி பஸ் வரும் நேரம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலில், குறிப்பாகக் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில், பெண்களின் கைகளே அதிகம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பெருமையில் இந்தப் பகுதிக்கும் பங்கு உண்டு.

பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் இந்த வீடுகளில் அடுப்பு எரியும் நேரத்தை பஸ்ஸே தீர்மானிக்கிறது. இவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: “வாரத்துக்கான சமையலை முன்கூட்டியே திட்டமிடுங்கள், விடுமுறை நாளில் பாதி வேலையை முடித்துவையுங்கள்.” ஆலோசனையில் தவறில்லை. ஆனால், அதை வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்கிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

எது தாங்கும், எது தாங்காது

முன்தயாரிப்பு நம் சமையலுக்குப் புதிதல்ல. சித்திரை வெயிலில் காயும் வத்தலும் வடகமும், பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும், புளிக்காய்ச்சலும் வேலை மிகுந்த நாளுக்காக முன்பே செய்துவைத்தவைதான். அவற்றின் பின்னே தெளிவான கணக்கு இருக்கிறது. ஈரம் போனது தாங்கும். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்தது தாங்கும். தேங்காய் சேர்ந்தது தாங்காது. அதனால்தான் புளிச்சோறு கட்டுச்சோறாக ஊர் ஊராகப் போனது. தேங்காய்ச் சட்னி இலையோடு நின்றுவிட்டது.

இந்தக் கணக்கை வைத்தே ஒரு வாரத்தை ஓட்டலாம். ஞாயிறு அரைத்த மாவு முதலில் இட்லி, அடுத்து தோசை, புளிப்பேறியபின் குழிப்பணியாரம். பக்கத்திலேயே விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். புளியும் நல்லெண்ணெயும் விட்டுத் தொக்காக வதக்கிவிட்டால் குளிர்பெட்டியில் இரண்டொரு நாள் நிற்கும். கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்தால் காலையில் கூழுக்கு அதிக நேரம் ஆகாது. அப்படி ஊறிப் புளிப்பதால் தானியத்தில் உள்ள இரும்புச்சத்தும் உடலில் கூடுதலாகச் சேரும்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மே மாதத்தில் வேலூர்ப் பகுதி 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வடித்த சோற்றை இரவு முழுக்க அப்படியே வெளியில் வைத்தால், கொதியிலும் சாகாத ‘பேசில்லஸ் சீரியஸ்’ கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுநாள் சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சியதைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரிலும், ‘ஒரு வாரத்துக்குச் சமைத்து அடுக்குங்கள்’ என்பது ஆபத்தான யோசனை. அங்கே பொடி, ஊறவைத்தல், மாவு என்ற பழைய வழிகள்தான் பாதுகாப்பானவை.

மிச்சமான நேரம் எங்கே போனது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து கை ஓய்ந்துபோன பெண்களுக்கு அது உண்மையான விடுதலை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் பெண்களின் வேலைநாள் ஏன் பெரிதாகச் சுருங்கவில்லை? அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியான நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: வீட்டுக்கு இயந்திரம் வந்தபோது உழைப்பின் கடுமை குறைந்தது, கூடவே எதிர்பார்ப்பு ஏறியது, முன்பு பிறர் பங்கிட்டுக்கொண்ட வேலைகளும் அவள் ஒருத்தியின் தலையில் சேர்ந்தன. நம் வீடுகளிலும் அதுதான் நடந்தது. அரைப்பது எளிதானதும், காலைக்கு ஒரு சட்னி போதாது, இரண்டு வேண்டும் என்றானது.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்த ஏற்றத்தாழ்வை எண்ணில் காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இது 299க்கு 97 என்றிருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இந்தக் கணக்கில் முழுமையாகப் பிடிபடாத உழைப்பும் ஒன்று உண்டு. நாளைக்கு என்ன, உளுந்து இருக்கிறதா, சிலிண்டர் எப்போது தீரும், மாமனாருக்குச் சர்க்கரை, சின்னவனுக்குக் காரம் ஆகாது என்று ஓடிக்கொண்டே இருக்கும் நினைப்பு அது. தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும்போதும் அது நிற்பதில்லை. ‘திட்டமிடுங்கள்’ என்று நாம் சொல்லும்போது இந்த நினைப்பைத்தான் இன்னும் கூட்டுகிறோம். கிடைக்கும் ஒரே விடுமுறையில் ஊறவைத்து, அரைத்து, வதக்கி, டப்பாக்களில் அடைத்துவைக்கும் பெண்ணுக்கு ஞாயிறு ஏழாவது ஷிப்டாகிவிடுகிறது. அவள் வார நாளில் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. தன் ஓய்விலிருந்து கடன் வாங்குகிறாள்.

அதன் விலையை அவள் உடல் கொடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறும் பழக்கத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவள் தட்டில் முதலில் ஏதாவது விழ வேண்டும். அதற்கு உதவாத எந்தச் சமையல் திட்டமும் நல்ல திட்டம் ஆகாது.

வீட்டுக்கு வெளியே மூன்று சமையலறைகள்

உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்திய திட்டம் எது என்று கேட்டால் நான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைக் காட்டுவேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது சென்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைவாரியாகப் பட்டியல் உண்டு. ஊரகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். குழந்தையின் பசியைப் போக்க வந்த திட்டம், தாயின் காலையிலிருந்தும் ஒரு வேலையை எடுத்துவிட்டது. ஆனால், தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளைக்கும் காலையில் பசிக்கத்தான் செய்யும். இத்திட்டம் மேல்வகுப்புகளுக்கும் போக வேண்டும்.

இரண்டாவது, கம்பெனி உணவகம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலைகளுக்கு உணவகத்தை விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. அந்த உணவகத்தில் மதியச் சாப்பாடு கிடைப்பதோடு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூடான காலை உணவும் கிடைக்கட்டும். உலகச் சந்தைக்குக் காலணி அனுப்பும் தொழிலுக்கு இது தாங்க முடியாத செலவல்ல.

மூன்றாவது, தெருச் சமையலறை. கேரளத்தின் பொன்னானியில் சில குடும்பங்கள் சேர்ந்து பொதுச் சமையலறை ஒன்றை நடத்தி, சமைத்த உணவைக் காலையிலேயே வீடுகளுக்குப் பெற்றுக்கொண்டன. பள்ளிகொண்டாவிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன, தேவையும் இருக்கிறது. மாவு, கழுவி நறுக்கிய காய், குழம்பு ஆகியவற்றை நியாயமான கூலிக்குத் தரமாகத் தயாரித்துத் தரும் கூடம் ஒன்றை அமைக்கப் பேரூராட்சி இடம் கொடுக்கலாம்.

‘வீட்டுச் சமையலின் அன்பு போய்விடாதா?’ என்று கேட்பார்கள். அன்பை மறுக்கவில்லை. அது ஒருவருக்கு மட்டும் கடமையாக இருக்கக் கூடாது என்கிறேன். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். அடுத்த படி, அந்த உழைப்பைப் பங்கிடுவது. அதை அரசாணை செய்ய முடியாது. வீட்டு ஆண்கள்தான் செய்ய வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உளுந்தை ஊறவைத்து, மாவை அரைத்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்க்கும் பொறுப்பை வீட்டு ஆண் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள், பெண்ணானாலும் ஆணானாலும், பூண்டு உரிக்கட்டும். வாரத்துக்கான பட்டியலை எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள். ‘என்ன செய்யணும், சொல்லு’ என்று அவளிடம் கேட்டு நிற்காதீர்கள், பார்த்துச் செய்யுங்கள். ஆறு நாள் ஷூ தைத்த கைகளுக்கு ஏழாம் நாள் ஓய்வு கொடுப்பது அந்த வீட்டின் கடமை.